சோப்பைக் குளிக்க வையுங்கள், பெட்ரோல் குழாயில் பூசாதீர்கள்

காரை வீட்டில் நிறுத்தித் தானே பிரித்துப் பழுது பார்ப்பவர்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பிரித்து மாட்டிய பிறகு பெட்ரோல் கசிகிறது என்று தெரிந்தும், குளியல் சோப்பைக் குழைத்து அப்பி, அதன் மேல் எம்-சீல் ஒட்டி, "நின்னுடுச்சு" என்று திருப்தி அடைகிறவர்கள் மீதுதான் கோபம். அதைவிடப் பெரிய கோபம், "இதுக்குத்தான் சொல்றது, தெரியாத வேலையில கை வைக்காதே" என்று திண்ணையில் உட்கார்ந்து உபதேசம் செய்கிறவர்கள் மீது. இந்த இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தைப் பார்க்க மறுக்கின்றன. பெரும்பாலும் கசிவுக்குக் காரணம் வேலை செய்தவனின் கை அல்ல. கழற்றிய பழைய வாஷரையும் பழைய ரப்பரையும் திரும்ப அதே இடத்தில் போட்டதுதான் காரணம்.

நம் பக்கத்துக் கார்களைப் பாருங்கள். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்கு வந்து போகும் லாரிகளை விட்டுவிடுங்கள், அவற்றைக் கவனிக்க ஆள் இருக்கிறது. வீடுகளில் நிற்பவை என்ன? ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய மாருதி 800. மகன் சென்னையில் புதுக் கார் வாங்கியதும் ஊருக்கு அனுப்பிவைத்த ஜென் அல்லது ஆல்ட்டோ. மாருதி 800 முதலில் வந்தது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. அதை எங்கே நிறுத்துகிறோம்? கீற்றுக் கொட்டகையில். ஒரு பக்கம் வைக்கோல் போர், இன்னொரு பக்கம் வெந்நீர் அடுப்பு.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. புகை போல மேலே போய்விடாது. தரையோடு தவழ்ந்து, பள்ளம் இருக்கும் இடத்தில் தேங்கும். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிற பொருள் அது. நம் ஊர்ச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும். அடுப்பு பத்தடி தள்ளி இருக்கிறது என்பது பாதுகாப்பு ஆகாது. சொட்டுவது கார் அடியில்தான், பற்றுவது அடுப்பு இருக்கும் இடத்தில்.

போன வருஷம் என் மச்சினன் மகன் தன் 800-ஐ, 2004 மாடல், தானே பிரித்தான். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது; ரேடியேட்டரில் தண்ணீர் நிற்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொகை அவன் இரண்டு மாதச் சம்பளம். நான்கு நாள் வீடியோ பார்த்தான். ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய் மட்டம் பார்த்தான், புது கேஸ்கெட் போட்டான், டைமிங் பெல்ட்டைக் குறி பார்த்து மாட்டினான். வண்டி முதல் சாவியிலேயே எழுந்துகொண்டது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை. மூன்றாம் நாள் பெட்ரோல் வாசம்.

"லேசாத்தான் மாமா கசியுது. சோப்பு வெச்சிருக்கேன், நின்னுடுச்சு" என்றான்.

"இன்ஜெக்டர் ஓ-ரிங் புதுசு போட்டியா மாப்பிள்ளை?" என்றேன்.

"பழசே நல்லாத்தான் இருந்துச்சு மாமா."

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் என் சண்டை. வீட்டில் பழுது பார்க்கிறவர்கள் மட்டுமல்ல, முப்பது வருஷ அனுபவம் உள்ள மெக்கானிக்கும் சொல்லும் வாக்கியம் இது.

அந்த எஞ்சினில் மூன்று சிலிண்டர், மூன்று இன்ஜெக்டர். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ரப்பர் வளையம். இருபது வருஷம் எஞ்சின் சூட்டில், ஒரே பள்ளத்தில் நசுங்கிக் கிடந்து, அந்த இடத்தின் வடிவத்துக்கே அது இறுகிப்போயிருக்கும். கழற்றிப் பார்த்தால் விரிசல் இராது, கறுப்பாக, உருண்டையாக நன்றாகத்தான் தெரியும். ஆனால் திரும்ப மாட்டும்போது பழைய தடத்தில் ஒரு மயிரிழை பிசகாமல் உட்காராது. இளகிக் கொடுத்து இடைவெளியை நிரப்பும் குணமும் போயிருக்கும். செம்பு வாஷரும் அப்படித்தான். நடுவில் துளையிட்ட போல்ட் வழியாக எண்ணெய் போகும் இணைப்பில், இரண்டு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும். முதல் முறை முறுக்கும்போது செம்பு நசுங்கி, மேடு பள்ளத்தை நிரப்புகிறது. நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும். இரண்டாம் முறை அதே மாதிரி நசுங்காது. கசிகிறதே என்று இன்னும் முறுக்கினால் மரை போகும். இந்த இணைப்பில் எண்ணெயைத் தடுப்பது மரை அல்ல, வாஷர். அதனால்தான் அங்கே டெஃப்லான் டேப் சுற்றுவதும் வீண். பிய்ந்த நூல் உள்ளே போய் அடைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இரண்டு பொருள்களின் இணைப்புக்கும், அந்த இணைப்பில் வைக்கும் கேஸ்கெட்டுக்கும் ஒரே சொல்தான்: ஜ்வேன். இணைப்பு என்றாலே நடுவில் இருக்கும் அந்த வளையமும் சேர்ந்ததுதான் என்பது சொல்லிலேயே இருக்கிறது. நாம் இரண்டு இரும்பையும் பார்க்கிறோம், நடுவில் இருப்பதைப் பார்ப்பதில்லை. கசிவுக்கும் அங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஃபுயீத் என்றால் கசிவு; ஓடிப்போவதும் அதே சொல்தான். சோப்பு பூசுகிறவன் செய்வது இந்த இரண்டாவது அர்த்தம்.

சோப்பு வைத்தியம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. பெட்ரோலும் டீசலும் சோப்பைக் கரைக்காது. நடுவழியில் டேங்கில் கல் பட்டு ஓட்டை விழுந்தால், லாரிக்காரர்கள் சோப்பை அழுத்தி அடைத்துக்கொண்டு அடுத்த பட்டறை வரை போவார்கள். டேங்கில் அழுத்தம் கிடையாது, எஞ்சின் சூடும் கிடையாது. அது பட்டறை வரை போவதற்கான உபாயம். அதை எஞ்சினுக்குப் பக்கத்துக் குழாயில், நிரந்தர வைத்தியமாக ஆக்கியது யார்? பழைய கார்புரேட்டர் வண்டியில் பம்ப்பின் அழுத்தம் 3, 4 பி.எஸ்.ஐ.தான். 2000-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் அது சுமார் 40 பி.எஸ்.ஐ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட அதிகம். எஞ்சினை அணைத்த பிறகும் குழாய்க்குள் அந்த அழுத்தம் நிற்கும். சூட்டில் இளகும் சோப்பு அதைப் பிடித்து நிறுத்துமா? எம்-சீல் பெட்ரோல் ஈரத்தின் மேல் சரியாக ஒட்டவே ஒட்டாது. சிலிக்கான் பசை பெட்ரோலில் ஊறி உப்பிக் கழன்றுவிடும். "அந்தக் காலத்துல இப்படித்தானே ஓட்டினோம்" என்று சொல்லும் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்தக் காலத்து வண்டி வேறு, அழுத்தம் வேறு. பெட்ரோல் கூட வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இது ஏதோ கிராமத்து மெக்கானிக்கின் சங்கதி என்று நினைக்க வேண்டாம். நாட்டிலேயே அதிகம் கார் விற்கும் கம்பெனியின் கதையைப் பாருங்கள். 2010 பிப்ரவரியில் மாருதி சுசுகி சுமார் 1 லட்சம் ஏ-ஸ்டார் கார்களைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் பம்ப்பின் கேஸ்கெட்டில் கசிவு வரலாம் என்பதுதான் காரணம். 2014 ஏப்ரலில் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் என்று 1,03,311 வண்டிகள்; பெட்ரோல் ஊற்றும் வாயை டேங்கோடு சேர்க்கும் குழாயை மாற்றுவதற்காக. 2019 ஆகஸ்டில் 40,618 வேகன்-ஆர் கார்கள். பெட்ரோல் ஹோஸ் ஒரு உலோகக் கிளாம்பில் உரசக்கூடும் என்பதற்காக. கவனியுங்கள்: ஒரு கேஸ்கெட், ஒரு குழாய், ஒரு கிளாம்ப். எஞ்சினியர்களும் இயந்திரங்களும் சேர்ந்து செய்த இடத்திலும் தவறு நேர்ந்தது இதே சில்லறைச் சாமான்களில்தான். ஆனால் அவர்கள் யாருக்கும் சோப்பு அனுப்பவில்லை. வண்டியைக் கூப்பிட்டுப் பாகத்தை மாற்றிக் கொடுத்தார்கள். லட்சம் வண்டிக்கு மாற்றுவது அவர்களுக்குக் கட்டுபடியாகிறது, ஒரு வண்டிக்கு மூன்று வளையம் மாற்றுவது நமக்குக் கட்டுபடியாகாதா?

இப்போது உபதேசிகளிடம் வருகிறேன். "கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விடு" என்கிறார்கள். விட்டால் என்ன நடக்கும்? மேலே சொன்ன பையனுக்காக நானும் அவனும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் போய் ஓ-ரிங் மட்டும் கேட்டோம். "அது தனியா வராது சார், முழு செட்டா எடுத்துக்குங்க" என்றார்கள். ஐம்பது ரூபாய்ச் சாமானுக்கு ஆயிரக்கணக்கில் விலை. பழைய வண்டியை எடுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே "இதை வித்துடுங்களேன்" என்கிறார்கள். கடைசியில் திருச்சியில் ஒரு பழைய உதிரிபாகக் கடையில், மூன்று இன்ஜெக்டருக்கும் வேண்டிய வளையங்கள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் கிடைத்தன. இரண்டு பேரின் பஸ் கட்டணம் அதைவிட அதிகம். போட்ட பிறகு ஒரு சொட்டு இல்லை.

ஆகவே தானே செய்வது தப்பு என்று சொல்கிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பென்ஷன் வாங்குகிறவனும் சின்னச் சம்பளக்காரனும் ஆசைக்காகக் காரைப் பிரிப்பதில்லை. செலவு கட்டுபடியாகாததால் பிரிக்கிறான். அவனைப் பயமுறுத்தினால் அவன் வேலையை நிறுத்தமாட்டான், ரகசியமாகச் செய்வான். கசிந்தால் யாரிடமும் கேட்கமாட்டான், சோப்பை எடுப்பான். பயமுறுத்துவதை விட்டு, முடிக்க வேண்டிய முறையைச் சொல்லிக் கொடுங்கள்.

பெட்ரோல் வேறு என்றேன் அல்லவா? 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் பிரதமர், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தொடங்கிவைத்தார். 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-க்குள் பங்க்குகளில் அதுதான் என்று ஆகிவிட்டது. எத்தனால் கலக்காததும் வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கரும்பு விவசாயிக்கு நன்மை, அந்நியச் செலாவணி மிச்சம் என்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்திலேயே, சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கலாம், அது செலவு குறைந்த வேலை, சர்வீஸின்போது செய்துகொள்ளலாம் என்று இருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை உப்பவும் வெடிக்கவும் வைக்கும்.

சரி, மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கே போய் மாற்றுவது? இதை நம் ஊரில் எத்தனை பேரிடம் யார் சொன்னார்கள்? பங்க்கில் ஒரு தமிழ் அறிவிப்பு உண்டா? சட்டப்படி வண்டியைத் திரும்ப அழைக்க வைக்கும் விதி 2021 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அதுவும் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. இருபது வயது வண்டி வைத்திருப்பவன் அந்தக் கணக்கிலேயே இல்லை. பெட்ரோலை மாற்றியது ஒருவர், ரப்பர் மாற்றும் செலவு இன்னொருவருக்கு. "செலவு குறைவுதான்" என்று சொல்வது எளிது. செலவு குறைந்த சாமான் கடையில் கிடைக்க வேண்டுமே.

குறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது குமாஸ்தாவுக்கு அழகல்ல. செய்ய வேண்டியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

வண்டியைக் கொட்டகைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் தள்ளி நிறுத்துங்கள். எஞ்சின் முழுக்க ஆறட்டும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியானால் பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்; குழாயில் உள்ள பெட்ரோல் தீர்ந்து தானே நின்றுவிடும், அழுத்தமும் இறங்கிவிடும். அதன் பிறகு பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். பீடி, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் இரண்டு வாளி மணல். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க நம் ஊர்த் தூசியே போதும். எஞ்சின் மேல் படிந்த சிமெண்ட் நிறத் தூசியில், பெட்ரோல் ஓடிய இடம் மட்டும் கழுவிவிட்டது போலத் தெரியும். சின்னக் கசிவு சொட்டாகத் தெரியாது, அதற்குள் ஆவியாகிவிடும்; அங்கே பழுப்புக் கறை இருக்கும். எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, ஃப்யூஸையும் வயரையும் மாட்டி, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். பம்ப் இரண்டு விநாடி ஓடும். எல்.ஈ.டி. டார்ச்சில் பாருங்கள். குண்டு பல்ப் விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், உடைந்தால் அதுவே பொறி. டீசல் காமன்-ரெயில் வண்டியானால் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஆயிரம் பார் அழுத்தத்தில் வரும் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதுதான் புத்திசாலித்தனம்.

கழற்றியது எதுவோ, அந்த இடத்தின் வளையம், வாஷர், கேஸ்கெட் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி மாட்டினால் மடங்காமல், கிழியாமல் உட்காரும். ஹோஸ் வாங்கும்போது தண்ணீர் ட்யூப், காற்று ட்யூப் வாங்காதீர்கள். பெட்ரோல் ஹோஸின் மேலேயே அதன் தரம் அச்சிட்டிருக்கும்: கார்புரேட்டருக்கு ஜே30 ஆர்7, இன்ஜெக்‌ஷனுக்கு ஆர்9. குழாய் முனையில் ஒரு மேடு இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி ஓர் அங்குலம் உள்ளே போக வேண்டும், கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். பற்களோடு துளை போட்ட கிளாம்ப்பை அளவுக்கு மேல் முறுக்கினால் அதுவே ஹோஸை அறுத்துவிடும். போகும் குழாயும் திரும்பி வரும் குழாயும் மாறிவிடவில்லையா, ஹோஸ் எங்கும் இரும்பில் உரசவில்லையா என்று பாருங்கள். வேகன்-ஆர் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆபீசில் ஒரு கோப்பைப் பிரித்தால் எந்தத் தாள் எந்தப் பக்க எண் என்று குறிக்காமல் நாங்கள் கழற்றமாட்டோம். காருக்கும் அதே ஒழுங்கு வேண்டும். ஒரு நோட்டில் கழற்றிய வரிசையை எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் "புதிது வாங்க வேண்டியது" என்று ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டம் நிறையும் வரை ஸ்பேனரைத் தொடாதீர்கள். வீடியோ போடும் தம்பிகளுக்கும் இது. கழற்றுவதைப் பத்து நிமிஷம் காட்டுகிறீர்கள், "எல்லாத்தையும் திரும்ப மாட்டிடுங்க" என்று ஒரே வரியில் முடிக்கிறீர்கள். கசிவு பிறப்பது அந்த ஒரு வரியில்தான்.

நான் கேட்பது பெரிய விஷயங்கள் அல்ல. கம்பெனிகள் வளையத்தையும் வாஷரையும் தனியாக விற்கட்டும். அரியலூரிலும் பெரம்பலூரிலும் கிடைக்கட்டும். ஒவ்வொரு பங்க்கிலும், பழைய வண்டிக்காரர்கள் எந்த ரப்பரை மாற்ற வேண்டும் என்று தமிழில் ஓர் அட்டை தொங்கட்டும். பதினைந்து வருஷம் ஆன வண்டிக்கு ஐந்து வருஷம் நீட்டிப்புக் கொடுக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைப் பார்க்கிறார்களே, அப்போது பானெட்டைத் திறந்து பெட்ரோல் ஹோஸையும் ஒரு முறை பார்க்கட்டும். கட்டணம் வாங்கிக்கொண்டுதானே பார்க்கிறார்கள்?

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். உங்கள் வண்டி இருபது வயதுக்காரன் என்றால், நாளைக் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, பெட்ரோல் ஹோஸை முனையில் லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலும், கல் போல இறுகியிருந்தாலும், கையில் வாசம் ஒட்டினாலும், புது ஹோஸ் வாங்கி மாட்டும் வரை அந்த வண்டியில் பேரப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.